பாசமலர் கடைசிக் காட்சிக்கு இன்னும் அழுகிறீர்களா? எந்தப் படத்துச் சாவு உங்களை அழ வைத்தது?

கித்தாக்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். எங்கள் ரப்பர் தோட்டம் இப்போது தோட்டமாக இல்லை. பாதி செம்பனை ஆகிவிட்டது, பாதி தாமான், அதாவது குடியிருப்பு, ஆகிவிட்டது, கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வருஷா வருஷம் திருவிழா முடிந்த மறுவாரம், ஈப்போ, கிள்ளான் என்று போய்விட்ட பழைய சனமெல்லாம் திரும்பி வந்து பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில் கூடுவோம். சாப்பாடு, பேச்சு, அப்புறம் ஒரு படம்.

போன வருஷம் பெரியவர்கள் கேட்டார்கள் என்று பாசமலர் போட்டோம். கடைசியில் சிவாஜி கண் தெரியாமல் தங்கச்சியிடம் வந்து சேருகிற கட்டத்தில் முன்வரிசைப் பெண்கள் எல்லாம் முந்தானையை எடுத்துவிட்டார்கள். பின்வரிசையில் இளவட்டங்கள் சிரிப்பு. ஒருவன் 'கை வீசம்மா கை வீசு' என்று சிவாஜி மாதிரியே குரலை நடுங்க விட்டான். ஒரு பாட்டி எழுந்துபோய் அவன் தலையில் ஒரு கொட்டு வைத்தார். அவன் அம்மாவுக்குக் கோபம், பாட்டியின் மகனுக்குக் கோபம், வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் அதுவே பேச்சு.

இந்த வருஷப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். 'எல்லாரும் சேர்ந்து அழுகிற மாதிரி ஒரு படம்' வேண்டுமாம். பட்டியல் வேண்டாம், அது இணையத்தில் ஆயிரம் கிடக்கிறது. ஒரே சாவுக்கு ஒரு கூட்டம் அழுகிறது, இன்னொரு கூட்டம் சிரிக்கிறது, அது ஏன்? உங்களை அழ வைத்த காட்சி எது, எதனால் அழுதீர்கள் என்று கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

மூணாம் நம்பர் லயம்

தம்பி, அந்தக் கொட்டு வைத்தது நான் இல்லை. பக்கத்தில் இருந்திருந்தால் வைத்திருப்பேன்.

பாசமலர் 1961இல் வந்தது. எங்கள் தோட்டத்துக்கு அது வந்து சேர்ந்தது ரொம்பப் பிந்தி, எழுபதுகளில். திடலில் ரெண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். சாயங்காலமே பாயைக் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவோம். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள், அவர்களுக்கு எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், அதைப் பற்றி யாருக்குக் கவலை. விடியாத இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும் என்று தெரியும், இருந்தாலும் ஒருத்தியும் பாதியில் எழுந்து போக மாட்டாள்.

ஏன் அழுதோம் என்று கேட்டாய். 1968இல் ஒரு சட்டம் வந்தது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று. 69 இனக் கலவரத்துக்குப் பிறகு அது கறாராகிவிட்டது. சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை, வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்கே திரும்பிப் போனார்கள். பிறந்ததிலிருந்து கித்தா (ரப்பர்) மரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து போனது. ஒரே வீட்டில் தங்கச்சிக்குக் குடியுரிமை உள்ள நீல ஐசி, அண்ணனுக்குச் சிவப்பு. பினாங்கில் ரஜுலா கப்பல் ஏற்றிவிட்டு வந்தவர்கள் பலபேர் அந்த அண்ணன் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை. கடுதாசி வரும், அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட பெண்கள் உட்கார்ந்திருக்கிற திடலில், பிரிந்துபோன அண்ணன் தீபாவளி அன்றைக்குத் திரும்பி வருகிறான் என்று படம் காட்டினால் என்ன ஆகும்? சாவித்திரிக்காக அழுதார்கள் என்றா நினைக்கிறாய்? எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு அக்கா, வீட்டுக்காரர் அடித்தாலும் அழமாட்டாள், அவ்வளவு அழுத்தக்காரி. படம் ஓடும்போது மட்டும் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். இருட்டில் யார் எதற்கு அழுகிறாள் என்று எவனும் கேட்கப்போவதில்லை. வீட்டில் அழுதால் 'என்னத்துக்கு இப்போ ஒப்பாரி' என்று ஒரு சத்தம் வரும். திடலில் அந்தச் சத்தம் வராது.

பேராக் பையன்

அண்ணே, நான் உங்கள் தோட்டம் இல்லை, அந்தக் கூட்டத்திலும் இல்லை. இருந்தாலும் சிரித்தவர்கள் சார்பாக ஒருவர் பேச வேண்டும்தானே.

லயத்து அம்மா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வயசுக்காரர்கள் அந்தச் சோகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சாகப்போகிறவர் ரெண்டு பக்கம் வசனம் பேசுகிறாரே, அதற்குத்தான் சிரிப்பு. அதோடு தமிழ்ப் படம் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அடையாளமெல்லாம் அத்துப்படி. ஒருவர் இருமினால் இடைவேளை தாண்டமாட்டார். கைக்குட்டையில் சிவப்பாகப் பட்டால் அடுத்த பாட்டு அவருக்கானது. 'இந்த வேலையை முடித்துவிட்டு ஊருக்கே போய்விடலாம்' என்று கதாநாயகனின் நண்பன் சொன்னால் ஆள் காலி. முன்கூட்டியே தெரிந்துபோன சாவுக்கு எப்படி அழுவது?

டைட்டானிக்கும் அப்படித்தான். 1997 படம், எங்கள் அம்மாவுக்கு உயிர். அந்தப் பையன் தண்ணீரில் விறைத்துப் போகும்போது எனக்குக் கவலையெல்லாம் அந்தப் பலகையில் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்ததே என்பதுதான். இதைக் கேட்டுக் கேட்டு இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனே சலித்துப்போய், சண்டைக் கலைஞர்கள் ரெண்டு பேரைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கிச் சோதனை செய்து, அதை 2023இல் ஒரு ஆவணப்படமாகவே காட்டினார். அழ வேண்டிய காட்சியைப் பார்த்து உலகமே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

நான் அழுத சாவு ரெண்டு. ரெண்டிலும் செத்தது மனுஷன் இல்லை. ஒன்று சின்ன வயசில் பார்த்த லயன் கிங், 1994 கார்ட்டூன். அப்பா சிங்கம் செத்துக் கிடக்கும், குட்டி போய் எழுப்பிப் பார்க்கும், முடியாது என்று தெரிந்ததும் அந்த அப்பாவின் காலுக்கடியிலேயே நுழைந்து படுத்துக்கொள்ளும். இன்னொன்று பரியேறும் பெருமாள், 2018. கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுவிடுவார்கள், அதை வளர்த்த பரியன் ஓடுவான், ரயில் வந்துவிடும். படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அந்த நாயோடு நமக்கு என்ன பெரிய பழக்கம்? ஆனாலும் அழுகை வந்தது. அப்புறம் மனுஷனுக்குச் செய்வதுபோல அதற்கு இறுதி ஊர்வலம் எடுப்பார்களே, அந்தப் பாட்டை என்னால் இன்றைக்கும் முழுசாகக் கேட்க முடியாது. நாய் வசனம் பேசாது, அதனால்தானோ என்னவோ.

வார்டு மிஸ்ஸி

நான் நர்ஸ், பெரும்பாலும் நைட் ஷிப்ட். சினிமாச் சாவும் நிஜச் சாவும் எவ்வளவு தூரம் என்று சொல்லட்டுமா?

தம்பி சொன்னது சரி, யாரும் ரெண்டு பக்கம் பேசுவதில்லை. கடைசி நேரத்தில் முக்கால்வாசிப் பேர் கண்ணே திறப்பதில்லை. மூச்சு வரும், நிற்கும், எல்லாரும் முடிந்தது என்று நினைப்போம், மறுபடி ஒரு மூச்சு இழுக்கும். தொண்டையில் சளி கரகரவென்று கேட்கும், அதைக் கேட்கிற குடும்பத்துக்குத்தான் வேதனை, படுத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. அப்புறம் அந்த மானிட்டர்! படத்தில் கோடு நேராகப் போனதும் டாக்டர் ஓடிவந்து ஷாக் கொடுப்பார், உடம்பு ஒரு முழம் எழும்பி விழும். நேர்க்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்குத்தான் ஷாக். நேர்க்கோடு என்றால் நெஞ்சை அமுக்குவதும் மருந்தும்தான். இதை எத்தனை படத்தில் பார்த்து எத்தனை தடவை கத்தியிருப்பேன், வீட்டில் என்னோடு படம் பார்க்க யாரும் வருவதில்லை.

இவ்வளவு பேசுகிற நான் எதற்கு அழுகிறேன் என்றால், சாகிறவர் முகத்துக்கு இல்லை, சேதி கேட்கிறவர் முகத்துக்கு. 1987இல் வந்த நாயகன். மகன் உடம்பைப் பார்த்து கமல் அழுவார். அது நடிகர் அழுகிற அழுகை மாதிரியே இருக்காது. அசிங்கமாக, அடங்காமல், தொண்டை கிழிந்து ஒரு சத்தம் வரும். வார்டு வாசலில் பெரிய மனுஷர்கள் அந்தச் சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் வேலை வாங்குகிற, எல்லாரும் பயந்து நடந்த மண்டோர், அப்படி இருந்தவர்கள்கூட.

தம்பிக்கு இன்னொன்று. இருமினால் சாவு என்றாயே, வாரணம் ஆயிரம் (2008) பார். அதில் அப்பா முதலிலேயே போய்விடுவார். கதை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது, அவர் காதலித்தது, பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தது எல்லாம். எது வரப்போகிறது என்று தெரிந்தே பார்க்கிறோம், அப்படியும் அழுகிறோம். அதனால் 'முன்கூட்டியே தெரிந்தால் அழுகை வராது' என்ற உன் கணக்கு நிற்காது.

பென்சன் வாத்தியார்

இந்தச் சண்டைக்குத் தொல்காப்பியத்தில் பதில் இருக்கிறது என்றால் அடிக்க வராதீர்கள், வாத்தியாருக்கு வேறு என்ன வரும்.

மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை என்று எட்டு மெய்ப்பாடுகள் வருகின்றன அல்லவா, அதில் அழுகை நாலு காரணத்தால் பிறக்கிறது என்கிறார் தொல்காப்பியர். இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மைக் கேவலமாக நடத்துவது இளிவு. உறவையோ உடைமையையோ இழப்பது இழவு. நன்றாக இருந்த நிலை கெட்டுத் தளர்ந்துபோவது அசைவு. வறுமை உங்களுக்கே தெரியும். கவனியுங்கள், சாவு இந்த நாலில் ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. மற்ற மூன்றும் உயிரோடு இருப்பவனுக்கு நடப்பவை.

இதை வைத்துப் பாருங்கள். பாசமலரில் ராஜசேகரன், அதாவது சிவாஜி, கூலியாளாக இருந்து முதலாளியாக உயர்ந்தவன். கடைசியில் வீடு போய், சொத்து போய், தங்கச்சியின் பிள்ளையைப் பட்டாசிலிருந்து காப்பாற்றப் போய்க் கண்ணும் போய் வருகிறான். சாவுக்கு முன்னாலேயே அசைவும் வறுமையும் வந்துவிட்டன. அவன் செத்தது நம்மை அழ வைக்கவில்லை, அந்த நிலைமையில் வந்து நின்றதுதான் அழ வைக்கிறது. கருப்பியும் அப்படித்தான். அதைக் கொன்றது ரயில், கொல்ல வைத்தது சாதி. நாயின் சாவு இழவு. 'உன்னை என்ன வேண்டுமானாலும் செய்வோம், நீ கேட்க முடியாது' என்று அந்த இளைஞனுக்குச் சொல்லப்பட்ட சேதி இளிவு. தம்பி அழுதது ரெண்டுக்கும் சேர்த்து. டைட்டானிக்கில் அந்தப் பையனுக்கு வெறும் இழவு மட்டும், அதனால்தான் தம்பி பலகையை அளந்துகொண்டிருந்தார்.

தவமாய் தவமிருந்து (2005) பார்த்திருப்பீர்கள். சின்ன அச்சகம் வைத்துக்கொண்டு ராஜ்கிரண் பிள்ளைகளைப் படிக்க வைப்பார். அதில் அப்பா சாகும்போது நான் அழவில்லை. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கக் காசுக்கு அலைவாரே, அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது எனக்கு. நாலு பிள்ளைகளைப் பெற்று, பால்வெட்டுச் சம்பளத்தை நம்பித் தீபாவளியை எதிர்கொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இளவட்டங்களுக்கு அந்தக் கட்டம் சும்மா கடந்துபோகும். பட்டதை வைத்துத்தானே அழுகை வரும். அதனால் பின்வரிசைக்காரர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்கள் பட்டது வேறு.

பேராக் பையன்

சார், பலகை அளந்ததைத் தொல்காப்பியம் வரைக்கும் கொண்டுபோய்விட்டீர்களே. சரி, ஒத்துக்கொள்ள ஒரு பாதி. ஆனால் சேது (1999)? மனநோயாளிகள் இருக்கும் இடத்திலிருந்து விக்ரம் தெளிந்து வெளியே வருகிறான், காதலி இறந்து கிடக்கிறாள், மறுபடி அந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடுகிறான். எங்கள் மாமா அந்தப் படம் பார்த்துவிட்டு ரெண்டு நாள் சாப்பிடவில்லையாம். இது என்ன, இளிவா அசைவா?

பென்சன் வாத்தியார்

நாலும். அதனால்தான் மாமா சாப்பிடவில்லை.

கல்யாண வீடியோக்காரன்

நான் கல்யாணம், காதுகுத்து, சில நேரம் சாவு வீடும் எடுத்துத் தொகுத்துக் கொடுப்பவன், ஈப்போவில். தொழில் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். எல்லாரும் கதையையே பேசுகிறீர்கள், காதை மறந்துவிட்டீர்கள்.

பாசமலரின் சாவு கடைசி ரீலில் வருகிறது, ஆனால் அதற்கான அழுகையை டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய அந்தத் தாலாட்டு முன்னாலேயே சேர்த்து வைத்துவிடுகிறது. மலர்ந்தும் மலராத பாட்டு தெரியாத ஆள் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்தால் சிரிக்கத்தான் செய்வான். இப்போதெல்லாம் பிள்ளைகள் அந்தக் கடைசி ரெண்டு நிமிஷத்தை மட்டும் போனில் வெட்டி வெட்டிப் பார்க்கிறார்கள், அதுவும் யாராவது கேலி செய்து போட்டது. முழுசாக உட்கார்ந்து பார்க்காதவனிடம் கண்ணீரை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு தந்திரம், சத்தத்தை எடுத்துவிடுவது. குண்டு வெடித்ததும் காதில் 'ஙொய்' என்று மட்டும் கேட்கும், ஆட்கள் வாய் அசையும், குரல் வராது. முதல் தடவை பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது, இப்போது ஆளாளுக்குச் செய்து அதுவும் பழசாகிவிட்டது. வயலினைக் கூட்டி அழ வைப்பது அதைவிடப் பழசு. என் வாடிக்கையாளர்கள் இன்னும் வயலின்தான் கேட்கிறார்கள், தாத்தாவின் நினைவு வீடியோவுக்கு வயலின் போடாவிட்டால் காசு தர யோசிப்பார்கள்.

அண்ணே, உங்களுக்கு ஒரு யோசனை. இயக்குநர் யஸ்மின் அகமதுவின் தாலண்டைம் படத்தைப் போடுங்களேன், 2009. நம்ம நாட்டுப் படம், நம்ம பிள்ளையும் அதில் இருக்கிறான், காது கேட்காத பையன் மகேஷ். அவன் மாமா கல்யாண நேரத்தில் கொல்லப்படுகிறார். இன்னொரு பக்கம் மலாய்ப் பையன் ஒருவனின் அம்மா மூளைக் கட்டியால் ஆஸ்பத்திரியில். அந்த அம்மாவும் போய்விடுகிறார், அதற்குப் பிறகு அந்தப் பையன் மேடையில் பாட வருகிறான். ரெண்டு வீட்டுச் சாவு, ஒரு படத்தில். மறுவீட்டுக்காரன் சாவை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று அந்தப் படம் கேட்கிற மாதிரி வேறு படம் நம்ம ஊரில் நான் பார்த்ததில்லை. யஸ்மின் அந்த வருஷமே ஜூலையில் இறந்துபோனார், அதுவும் சேர்ந்து மனசை என்னவோ செய்யும்.

கித்தாக்காட்டான்

நல்ல யோசனைதான், தாமானில் மலாய்க் குடும்பங்களும் இருக்கின்றன, திருவிழாச் சாப்பாட்டுக்கு வருவார்கள், படத்துக்கும் உட்காரலாம். ஆனால் எங்கள் பெரியவர்கள் கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் உட்காருவார்களா? போன வருஷம் கண்ணாடி மறந்து வந்தவர்கள் பாதிப் பேர்.

கமிட்டியில் ஒருவர் பரியேறும் பெருமாள் வேண்டாம் என்கிறார், சாதிப் பேச்சு வரும், கோயில் நிகழ்ச்சியில் எதற்கு வம்பு என்று. வாத்தியார் ஐயா சொன்னதைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார், ஆனால் சம்மதிக்கவும் இல்லை. தவமாய் தவமிருந்து போடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீளமான படம், அதுதான் யோசனை. லயத்து அம்மா, நீங்கள் வந்து படத்துக்கு முன்னால் அந்த ரஜுலா கப்பல் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? மைக் தருகிறோம்.

வார்டு மிஸ்ஸி

அம்மா பேசட்டும். ஆனால் அண்ணே, 'அழப்போகிறோம், வாருங்கள்' என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். அழ வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஒருவருக்கும் வராது. ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கிறேன், 'அழுதுவிடு, அழுதுவிடு' என்று சுற்றி நின்று சொல்வார்கள், அந்தப் பெண் கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

மூணாம் நம்பர் லயம்

மைக்கெல்லாம் வேண்டாம் தம்பி, நான் மேடைக்காரி இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டால் சொல்கிறேன், அந்தச் சிரித்த பையனையும் அனுப்பு, கொட்ட மாட்டேன்.

எந்தப் படம் போட்டாலும் சரி. என் தங்கச்சி போன வருஷம் வந்திருந்தாள், அவளிடம் போன் போட்டுக் கேட்டேன். முன்வரிசைக்கு மட்டும்தான் வசனம் கேட்டதாம், பின்னால் இருந்த ஸ்பீக்கர் ரெண்டும் செத்துக் கிடந்ததாம். சிவாஜி வாயை வாயை அசைத்து அழுவதைச் சத்தமில்லாமல் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். முதலில் அந்த ஸ்பீக்கரைக் கழற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோ. வீடியோக்காரத் தம்பிக்கு ஆள் தெரியாமலா இருக்கும்.